அரக்கு ஒரு போத்தல், சாராயம் ஒரு போத்தல்

ஆங்கிலம் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்து, கைவேலை கொஞ்சமும் தெரியாத ஒருவரிடம் எண்ணெய்ப் போத்தலும் பழந்துணியும் அகப்பட்டால் நல்ல மரம் என்ன பாடுபடும் என்பதை நான் பதுளையில் பார்த்தேன். ரயில் பண்டாரவளையோடு நின்றிருந்த காலம் அது. அங்கிருந்து எல்லாச் சரக்கும் மாட்டுவண்டியில்தான் எங்கள் கடைவீதிக்கு வரும். என் கடையில் ஆளிவிதை எண்ணெய், தேன்மெழுகு, டர்பன்டைன், அரக்குச் சீவல், ஸ்பிரிட் எல்லாம் இருந்தன. வாங்க வந்தவர்களில் பாதிப் பேருக்கு எதை எதனோடு சேர்ப்பது என்று தெரியாது. தெரியாது என்பதும் தெரியாது.

மேசை நாற்காலிக்கு வீட்டிலேயே பாலிஷ் கலந்து துணியால் துடைத்துப் பூசுவது அப்போது பெரிய நாகரிகம். ஒரு வக்கீல் குமாஸ்தா தேங்காய் எண்ணெயில் மெழுகைக் காய்ச்சித் தன் நாற்காலிகளுக்கெல்லாம் பூசினார். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயவே காயாது என்று நான் முன்கூட்டியே சொன்னேன். கடைக்காரன் தன் சரக்கை விற்கப் பார்க்கிறான் என்றார். அவர் வீட்டு விருந்துக்குப் போனவர்கள் பின்பக்கம் பழுப்புப் பட்டைகளோடு திரும்பினார்கள்.

ஆனால் மடமையில் அவரை மிஞ்சியவர் பசறை வீதித் தேயிலைத் தோட்டமொன்றின் பெரிய கிளாக்கர். அந்தத் தோட்டத்துத் துரைக்குச் சீமையிலிருந்து துரைசாணி வரவிருந்தார். அதற்காகத் தோட்டத்து ஆசாரி பலா மரத்தில் சாப்பாட்டு மேசை ஒன்று செய்திருந்தார். என்னிடம் அரக்குச் சீவல் வாங்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து மெருகேற்றும் மனிதர், வேலை சுத்தம். ஆனால் கிளாக்கர், துரையிடமிருந்த ஆங்கில வீட்டுக் குறிப்புப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கி, அதில் பாலிஷ் கலக்கும் பக்கத்தைப் படித்துவிட்டார். மேசைக்குத் தாமே கலந்து தருவதாகத் துரையிடம் சொல்லியும்விட்டார்.

புத்தகத்தில் இருந்தது சரியான முறைதான்: அரக்கைச் சாராயச் சத்தில் கரைத்து, ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் சேர்த்துத் துணியால் பூசவேண்டும். கிளாக்கர் அதைத் தமிழாக்கி, அரக்கு ஒரு போத்தல், சாராயம் ஒரு போத்தல், ஆளிவிதை எண்ணெய் கொஞ்சம் வாங்கி வா என்று பங்களாவில் சமைக்கும் அப்புவிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினார். அப்பு சிங்களவர். சிங்களத்தில் அரக்கு என்றால் சாராயம். நம் மொழியில் சாராயம் என்றாலும் சாராயந்தான்.

என் நாட்குறிப்பின்படி அது நோன்புப் பெருநாள் கழிந்து பத்தாம் நாள், புதன்கிழமை, முற்பகல். அப்பு ஆளிவிதை எண்ணெய் வாங்க என் கடைக்கு வந்தார். பைக்குள், சாராயம் விற்கும் தவறணையில் வாங்கிய போத்தல்கள் இரண்டு இருந்தன. என்ன இது என்று கேட்டேன்.

"இது அரக்கு, இது சாராயம். ரெண்டும் கிளாக்கர் மாத்தயா மேசைக்குப் பூச."

குடிப்பதற்கு அவர் சொல்லும் சாக்கு என்று எண்ணிச் சிரித்துவிட்டு எண்ணெயை அளந்து கொடுத்தேன். நாலு மொழி வாசிக்கிறவன் என்று எனக்குப் பெயர். அன்று அந்த வாசிப்பு ஒரு காசுக்கும் உதவவில்லை.

பின்பு நடந்ததை ஆசாரியே வந்து சொன்னார். போத்தலைத் திறந்ததும் அவருக்கு வாடை பிடிபட்டிருக்கிறது. இது அரக்கில்லை ஐயா, குடிக்கிற சாராயம் என்றிருக்கிறார். கிளாக்கருக்கும் அது தெரியாமலா இருக்கும்? ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்தால் தம் ஆங்கிலத்துக்கு இழுக்கு. "வெள்ளக்காரன் புஸ்தகத்துல நீ குத்தம் கண்டுபிடிக்கிறியா? அரக்கு உருக்கின பொறகு இப்பிடித்தான் இருக்கும்" என்று சொல்லி, இரண்டு போத்தலையும் எண்ணெயோடு சேர்த்துக் குலுக்கி ஆசாரியிடம் கொடுத்தார். ஒரே நாளில் ஐந்து தடவை பூசவைத்தார்.

அரக்கே இல்லாத பாலிஷ் எப்படி மின்னும்? சாராயத்தில் இருந்த நீர் பட்டுப் பலாவின் நார் முள்முள்ளாக எழும்பிற்று. எண்ணெய் காயாமல் பிசுபிசுத்தது. ஈசல்கள் வந்து ஒட்டிக்கொண்டன. மாலையில் துரை கதவைத் திறந்தபோது அறை தவறணையைப் போல நாறியது. நடுவில் ஆசாரி ஈரத்துணியோடு நின்றார். கையும் சட்டையும் அதே வாடை. குடித்துவிட்டு மேசையைக் கெடுத்துவிட்டான் என்று துரை முடிவு கட்டினார். பக்கத்தில் நின்ற கிளாக்கர் வாயே திறக்கவில்லை. ஆசாரிக்கு வேலை போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்குள், தோட்டத்தில் குடியிருந்த லயத்து அறையையும் காலி செய்யவேண்டும். அவர் மனைவிக்கு அது எட்டாம் மாதம்.

"வேல போனாக்கூடப் பரவாயில்ல, நானா. நாளைக்கு எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் குடிகார ஆசாரின்னுதானே சொல்லுவாங்க? நான் வாயில வச்சதே இல்லியே" என்றார். முஸ்லிம் கடைக்காரனான என்னை எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அது வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து நான் கடை திறந்த வேளை. அப்புவைப் பார்த்துச் சிரித்ததை அவரிடம் மறைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அரக்குச் சீவல் ஒரு பொட்டலமும் ஸ்பிரிட் போத்தலும் எடுத்துக்கொண்டு ஆசாரியோடு தோட்டத்து ஆபீசுக்குப் போனேன். துரையும் கிளாக்கரும் இருந்தார்கள். ஆசாரி வாசலில் நின்றார். பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்து, இதில் மேசைக்கு எவ்வளவு போட்டீர்கள் என்று கிளாக்கரிடம் கேட்டேன். அவர் ஒரு சீவலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதெல்லாம் பாலிஷுக்குப் போடுறதில்லீங்க. இது கொழுந்துல பூச்சி விழுந்தா அடிக்கிற மருந்து."

துரை அந்தச் சீவலை அவர் விரலிலிருந்து வாங்கிக்கொண்டார். புத்தகத்தை எடுத்துவரச் சொன்னார். அப்புவையும் கூப்பிட்டார். புதன்கிழமை நடந்ததை நான் நாளும் நேரமும் சொல்லி விளக்கினேன். அப்பு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். துரை சிரிக்கத் தொடங்கி, மூச்சு முட்டும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆசாரியிடம், "திங்கள் வேலைக்கு வா, மேசை திருப்பிச் செய்" என்றார். அவ்வளவுதான். ஒரு மனிதனைக் குடிகாரன் என்றது தவறு என்று சொல்லும் வழக்கம் அவர் ஊரில் இருந்திருக்கலாம். பசறை வீதிக்கு அதை அவர் கொண்டுவரவில்லை. கிளாக்கருக்கு ஒரு கடிந்த சொல்கூட இல்லை. அவரோ நான் படியிறங்கும்போது, அப்புமாருக்குச் சொன்னது விளங்காது என்று எனக்கே பாடம் சொன்னார்.

திங்கட்கிழமை நடந்ததை மறுநாள் அப்பு வந்து சொன்னார். காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில், ஆசாரியைக் கண்டதும் சிலர் மூக்கைப் பொத்திக்காட்டியிருக்கிறார்கள். ஆசாரி அவர்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளாக்கர் அவர் பெயரைப் படித்து, மேசையைச் சீவி மறுபடி பாலிஷ் போடவேண்டும், வேண்டிய சாமானை இப்போதே சொல்கிறேன், கேட்டுக்கொள் என்றார்.

"வாயால வேணாங்க ஐயா, எழுதிக் குடுங்க" என்றாராம் ஆசாரி.

"எழுதுனா நீ வாசிச்சிருவியா? என்ன பாஷையில எழுதணும், இங்கிலீஸா தமிழா?"

"சிங்களத்துல எழுதுங்க. அரக்குன்னு நீங்க சொன்னா என்ன வரும்னு அதுல தெளிவா இருக்கும். போன வாரம் ரெண்டு போத்தல் வந்துச்சு, மேச குடிச்சிருச்சு. பழி என் மேல வந்துச்சு."

முதலில் சிரித்தது ஒரு கங்காணி. பிறகு வரிசை முழுவதும் சிரித்தது. மூக்கைப் பொத்தியவர்களே கிளாக்கரைப் பார்த்து அதிகம் சிரித்தார்களாம். அவர் பெயர்ப் பட்டியலை மூடிக்கொண்டு ஆபீசுக்குள் போய்விட்டார். ஆசாரி அந்தத் திங்கட்கிழமையே பத்து மணிக்கு என் கடைக்கு வந்து, அரக்குச் சீவலை விரலால் தொட்டுக்காட்டி அரை இறாத்தல் வாங்கிப் போனார்.