தலை நிமிர்ந்த இடம்

மன்னார்குடிக்குத் தெற்கே இருந்த எங்கள் ஊரில் அப்போது நெல் கொள்முதல் நிலையம் கிடையாது. அறுத்த நெல்லைப் பக்கத்து ஊருக்குக் கொண்டுபோய்ச் சாலையோரம் குவித்துவிட்டு, முறை வரும்வரை காத்துக் கிடப்போம். மழை தூறினால் தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடிப்பது என் வேலை. அந்தத் தை மாதம் நான்காம் வகுப்புப் பக்கமே நான் போகவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

எங்கள் ஊருக்கே ஒரு நிலையம் கேட்டு, கலெக்டர் நடத்தும் குறைதீர் கூட்டத்தில் பேச அத்தை கிளம்பினார். அப்பாவின் அக்கா. மூன்று நிமிடம்தான் தருவார்கள் என்று விசாரித்து வந்திருந்தார். நோட்டில் இருந்ததோ பதினொரு குறை. என்னை நெல் குவியலருகே உட்காரவைத்துத் தன் செல்போனைக் கையில் கொடுத்தார்.

"நீதான் கலெக்டரு. போனையே பாத்துக்கிட்டு இரு."

"நீங்க பேசுறத கேக்க வேணாமா அத்தை?"

"அவரு மட்டும் கேக்கவா போறாரு? காதுல விழுந்து தானா தலை நிமிந்தா சரி. எனக்காக நிமிந்த, தோல உரிச்சிடுவேன்."

நான் மும்முரமாக விளையாடினேன். ஈரப்பதம், சாக்குத் தட்டுப்பாடு, லாரி வாடகை எதற்கும் அசையவில்லை. நான் நிமிராத ஒவ்வொன்றையும் அத்தை நோட்டில் கோடு போட்டு அடித்தார்.

"லாரி விஷயம் நல்லாத்தானே இருந்துச்சு" என்றார் அப்பா.

"கலெக்டரு பாக்கலையேடா."

மூன்றாம் நாள் புதிதாக ஒன்று சொன்னார். "எங்க வீட்டுப் பொண்ணு பள்ளிக்கூடம் போயி பதினாலு நாளாச்சுங்க. நெல்லுக்குக் குடை புடிச்சிக்கிட்டு நிக்குது."

என்னையா சொல்கிறார் என்று நிமிர்ந்தேன். அத்தை போனை வாங்கிக்கொண்டார். அதுவே முதல் வரியாயிற்று. பதினொன்றில் இரண்டு குறைகள் மட்டும் அதன் பின்னால் நின்றன.

கூட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார். கையில் தாள் இல்லை. குரலும் உயரவில்லை. முதல் வரியில் நிமிர்ந்த கலெக்டர், அத்தை முடிக்கும்வரை குனியவில்லை. அடுத்த அறுவடைக்கு எங்கள் ஊரிலேயே நிலையம் வந்தது. தார்ப்பாய்க்கு ஆள் தேவைப்படவில்லை. அறுவடையிலும் எனக்குப் பள்ளிக்கூடம்தான். அநியாயமாக இருந்தது.

எட்டாவதில் நானாகவே நின்றுவிட்டேன். வேலைக்காக அலைந்த ஊர்களில் எத்தனையோ மேடைப்பேச்சு கேட்டாயிற்று. போனிலிருந்து தலை நிமிர்ந்தது குறைவு. நெல்லுக்காகப் பேசப்போன அத்தை, பேச்சு எடுபட என்னையும் சேர்த்துக்கொண்டார் என்றுதான் அன்று நினைத்தேன். நானே எண்ணாத அந்தப் பதினாலு நாளை அவர் ஏன் எண்ணி வைத்திருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.