மொட்டைச்சாமிக்கு நேர்ந்த சேவல்

திண்டிவனத்துக்கு மேற்கே எங்கள் ஊர்ப் பாறைக்குன்றில், கண்மூடி உட்கார்ந்திருக்கும் ஓர் உருவத்தை எந்தக் காலத்திலோ செதுக்கி வைத்திருந்தார்கள். உடம்பில் துணி இல்லை, கையில் ஆயுதம் இல்லை. நாங்கள் மொட்டைச்சாமி என்போம். எனக்கு எட்டு வயதானபோது தம்பிக்கு விஷக்காய்ச்சல் வந்து, பிழைப்பானா என்றாகிவிட்டது. அம்மா மொட்டைச்சாமிக்குச் சேவல் நேர்ந்துகொண்டாள். தம்பி எழுந்து கேப்பைக்கூழ் கேட்ட வாரமே அப்பா, அம்மா, நான் மூவரும் சேவலோடு குன்றேறினோம்.

அங்கே ஏற்கெனவே ஓர் அம்மாள் பூப் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் நயினார் வீட்டவர். சமணர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அப்பா கத்தியை எடுத்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

“இவரு முன்னால உயிரை எடுக்காதீங்க. எறும்புகூட மிதிபடக் கூடாதுன்னு நடந்தவரும்மா இவரு.”

“இது எங்க சாமிங்க. எங்க மாமியா காலத்துலேர்ந்து கும்பிட்டுக்கினு வர்றோம்,” என்றாள் அம்மா.

“எங்க சாமியும் இவருதாம்மா.”

ஒரே சாமி எப்படிச் சேவல் கேட்பவராகவும் கேட்காதவராகவும் இருக்க முடியும்? நான் சாமியின் முகத்தைப் பார்த்தேன். அவர் யார் பக்கமும் பேசுகிறவராகத் தெரியவில்லை.

“நேந்துக்கினதைக் குடுக்காம போனா எம் புள்ளைக்கு மறுபடியும் வந்துடுங்க,” என்றாள் அம்மா.

அந்த அம்மாள், “வந்தா எனக்கு வரட்டும். புள்ளைக்கு வாணாம்,” என்று பாறையைத் தொட்டுச் சொன்னார்.

அப்பா கத்தியோடு விழித்துக்கொண்டு நின்றார். அம்மா வெகுநேரம் அந்த அம்மாளையே பார்த்திருந்துவிட்டு, குனிந்து சேவலின் கால்கட்டை அவிழ்த்தாள். அது பாறை இடுக்கில் ஓடி மறைந்தது.

அடுத்த பத்து நாளும் அம்மா தம்பியின் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் வரவில்லை. சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், சோறு இறங்காமல் தவித்தாள். பதினோராம் நாள் அப்பாவிடம், “இவனுக்கு வரல. அப்ப அந்தம்மாவுக்கு என்னா ஆச்சோ. ஜல்தியா போய்ப் பாத்துட்டு வாங்க,” என்றாள்.

அப்பா சைக்கிளில் போய் மதியம் திரும்பினார். “நல்லாத்தான் கீறாங்க. களத்துல மல்லாட்டை காயவெச்சிக்கினு இருந்தாங்க. கொழந்த எப்படிக் கீதுன்னு கேட்டாங்க.”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நல்ல சேதிக்கு யாராவது அழுவார்களா? அப்பா எதையோ மறைக்கிறார், அந்த அம்மாள் செத்துத்தான் போயிருக்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். வெகுநாள் அப்படியேதான் எண்ணிக்கொண்டிருந்தேன்.