பட்டினப்பாக்கத்தில் படகு விற்றவர்

ஆழ்வார்பேட்டையில் நண்பர் திறக்கவிருந்த உணவகத்தின் வாசலில் அலங்காரமாக நிறுத்த ஒரு பழைய படகு தேவைப்பட்டது. விலை பேச என்னை அனுப்பினார். கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மாங்காய் சுண்டல் வரைதான்.

பட்டினப்பாக்கம் மணலில் ஃபைபர் படகுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார் அவர். ஐம்பது வயதிருக்கும், சிவந்த கண்கள், உப்புக்காற்றில் காய்ந்த முகம். பேசும்போதெல்லாம் ஹெட்மாஸ்டர் மாதிரி கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அறுவதாயிரம் சார். அடில ஒட்டு போட்டுக்கீது, நல்லா பாத்துக்கோ. கடலுக்கு ஆவாது. அதான் இந்த வெல."

ஐம்பத்தைந்துக்குக் கேட்டேன்.

"இந்த போட்டு என் தம்பியுது. அவன் செத்துப் பூட்டான். அவன் பொண்டாட்டி ரெண்டு பசங்கள வெச்சிக்கினு கீறா. கொறைக்கணும்னா அவகிட்ட போய் நீயே சொல்லு."

அறுபதுக்கே சம்மதித்தேன். முன்பணமாக ஐயாயிரத்தை நீட்டினேன். அவர் ஓரடி பின்வாங்கினார்.

"எங்கைல குடுக்காத நைனா. சாயங்காலத்துக்குள்ள குடிச்சித் தீத்துருவேன். என்னிய எனக்குத் தெரியும். மொத்தமா அவ பேங்குலயே போடு. வந்துச்சுன்னு அவ சொல்லட்டும், அப்பால வண்டில ஏத்து."

அவர் கொடுத்த கணக்கு எண்ணுக்கு மொத்தப் பணத்தையும் அனுப்பிவிட்டுச் செல்போன் திரையைக் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை. தம்பி மனைவி போனில் கூப்பிட்டு "வந்துச்சு மாமா" என்று சொல்லும்வரை யாரையும் படகைத் தொட விடவில்லை.

அவருடைய சிரமத்துக்கென்று ஐந்நூறு நீட்டினேன்.

"அத்தயும் அவளுக்கே போட்ரு. எனக்கு வேணா ஒரு டீ வாங்கிக் குடு."

குடித்தோம். அதன்பிறகு அவர் எந்தப் பக்கம் போனார் என்று எனக்குத் தெரியாது. எங்கே போயிருந்தாலும், அந்த அறுபதாயிரம் அவரோடு போகவில்லை.