ஐந்து முறை அளந்த வீடு

எனக்குப் பூ வைத்துவிட்டுப் போனவர்கள் பத்தாம் நாள் தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள்: "பொட்டியத் தூக்கினு ரோடு ரோடா சுத்தற பொண்ணு நமக்கு ஒத்து வராதுங்க. வீட்டோட இருக்கிற பொண்ணாப் பாத்துக்கறோம்." சொன்னது மாப்பிள்ளையின் அம்மா. ஆரணியில் பெரிய பட்டுக்கடைக்காரர்கள். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை. நான் நன்றாகச் சாப்பிட்டேன். ஆனால் மறக்கவில்லை.

பெட்டி என்றது அலைவரிசையை அளக்கும் என் கருவியை. நான் அரசுப் பொறியாளர். செல்போன், செயற்கைக்கோள், விமானம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். ஒருவருடையதில் இன்னொருவர் புகுந்து கெடுத்தால் தேடிப் பிடிப்பது எங்கள் வேலை.

ஆறு வருடம் கழித்து ஆரணியிலிருந்தே புகார் வந்தது. ஒரு டவரைச் சுற்றி யார் பேசினாலும் பாதியில் அறுந்துபோகிறது, ஆம்புலன்ஸுக்குக்கூட லைன் கிடைப்பதில்லை. யாரோ உரிமம் இல்லாத பூஸ்டர் வைத்திருக்கிறார்கள். தன் வீட்டுக்குள் சிக்னலைக் கூட்டிக்கொண்டு ஊருக்கே கெடுக்கிற சாமான் அது.

கண்ணமங்கலம் சாலையில் நின்று, கெடுக்கிற அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று முதல் முறை அளந்தேன். வரைபடத்தில் கோடு இழுத்தால், அது அந்தப் பட்டுக்கடைக்காரர்களின் தெரு வழியாகப் போனது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வழக்கமாக மூன்று இடத்தில் அளந்தால் போதும். நான் ஐந்து இடத்தில் அளந்தேன். பழி தீர்க்கப் போகிறவள் கணக்கில் தப்பு விடலாமா? ஐந்து கோடும் அவர்கள் வீட்டு மாடியிலேயே வந்து சேர்ந்தன.

தெருவில் தறிக்கான பட்டுப் பாவு நூலை நீளமாக இழுத்துக் கட்டியிருந்ததால் ஜீப் உள்ளே போகவில்லை. நல்லதாயிற்று. கருவியைத் தோளில் மாட்டி, மீன்முள் மாதிரி இருக்கும் ஆன்டெனாவைக் கையில் பிடித்து, தெருவே பார்க்க நடந்தேன்.

கதவைத் திறந்தது அந்த அம்மாதான்.

"இன்னாம்மா, நீயா?"

"நான்தாங்க. பொட்டியத் தூக்கினு சுத்தறவ."

உத்தரவைக் காட்டிவிட்டு மாடிக்குப் போனேன். அங்கே மருமகள் லேப்டாப்பைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தாள். என் இடத்துக்கு அவர்கள் தேடிப் பிடித்த, வீட்டோடு இருக்கிற பெண்.

"நான்தான் மேடம் ஆன்லைன்ல வாங்கினேன். வைஃபை போட அத்தை ஒத்துக்கல. பன்னெண்டு மணிக்கு வேலைக்கு இன்டர்வியூ. அது முடியறவரைக்கும் உட்டுடுங்க, ப்ளீஸ்."

மணி பதினொன்றரை. சட்டப்படி ஒரு நிமிடம்கூட விட முடியாது. விடவும் மனமில்லை. பூஸ்டரின் பிளக்கைப் பிடுங்கினேன். அவள் போனில் சிக்னல் போனது, முகத்தில் ரத்தமும் போனது. எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று.

பின்னாலிருந்து அந்த அம்மா சிரித்தார்.

"நல்லதாப் போச்சி. வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு நான் சொல்லிகினேதான் இருக்கேன். இப்ப கவர்மென்ட்டே வந்து புடுங்கிட்டாங்க பாரு."

ஐந்து முறை அளந்து வந்து, நான் இந்த அம்மாவுக்கா வேலை செய்து கொடுத்தேன்?

"லேப்டாப்ப எடுத்துக்கோம்மா," என்றேன் மருமகளிடம். "தெருமுனையில ஜீப் நிக்குது. பூஸ்டரை நிறுத்தியாச்சு, இனிமே அங்க சிக்னல் நல்லா கிடைக்கும். ஜல்தி வா."

"எங்க வூட்டுப் பொண்ண எங்க இட்டுகினு போற?"

"பூஸ்டர் வாங்கினவங்க வாக்குமூலம் எழுதித் தரணுங்க. இன்டர்வியூ முடிஞ்சதும் எழுதிப்போம்."

இறங்கும்போது, பிடுங்கிய பூஸ்டரை நான் எடுத்துக்கொண்டு ஆன்டெனாவை அவள் கையில் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் பாரமில்லை, வேண்டுமென்றேதான் கொடுத்தேன். பாவு நூலை ஒட்டி இருவரும் நடந்தோம்.

அவள்மேல் இரக்கப்பட்டுச் செய்தேன் என்று சொன்னால் பொய். அந்த வேலை அவளுக்குக் கிடைத்ததா என்று நான் விசாரிக்கக்கூட இல்லை. தெருமுனையில் ஒரு முறை திரும்பிப் பார்த்தேன். மருமகள் ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போவதை அந்த அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.