முகம் பார்த்து ஒப்படைக்கிற வேலை

ஸ்கூல் வேன் ஓட்ட லைசென்ஸ் கேட்டால் மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்வார்கள், ரிவர்ஸ் போடச் சொல்வார்கள். நாலு வயசுக் குழந்தையிடம் ‘நான்தான் உன் வேன் அங்கிள்’ என்று நிரூபிப்பது எப்படி என்று எந்த ஆபீசிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

நான் கட்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன். எட்டாவதோடு படிப்பு முடிந்தது. கப்பல் ஜெட்டியில் மூட்டை தூக்கி, அடி வாங்கி ஹிந்தி கற்று, மூன்று நாள் பேரம் பேசி இந்தப் பழைய வேனை வாங்கினேன். பெரார்கஞ்சுக்கும் சௌல்தாரிக்கும் நடுவில் நர்சரிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். ஊரில் எனக்குக் கோபக்காரன் என்று பெயர். அந்தக் கோபக்காரனுக்கே மத்தியானம் பிள்ளைகளை இறக்கிவிடும் நேரம் பயம் வந்துவிடும். ஒரே ஒரு பிள்ளை தப்பான கைக்குப் போய்விட்டால்? வேன் ஓட்டுகிறவர்கள், பால்வாடியில் வேலை பார்க்கிறவர்கள் இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள் என்று தெரியும்.

மொட்டை

பங்குனி உத்திரத்துக்கு ஒரு வேண்டுதல். மொட்டை போட்டேன், மீசையும் போயிற்று. மறுநாள் காலை வழக்கம்போல வண்டியை எடுத்தேன். அதே வேன், அதே ஹாரன், அதே நான். முதல் நிறுத்தத்திலேயே ஒரு பிள்ளை வீலென்று அலறி அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டது. அடுத்த நிறுத்தத்தில் இரண்டு. எட்டு மாதமாகத் தினம் பார்க்கிற முகம் ஐயா! திடுக்கென்றது எனக்கு. அப்படியானால் இத்தனை நாளும் இதுகள் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, மீசையைத்தான் பார்த்திருக்கின்றன.

அந்த நேரம் பார்த்து ஒரு டிப்பர்காரன் வழியை மறித்து நின்றான். இருந்த ஆத்திரத்தையெல்லாம் சேர்த்து ஹிந்தியில் அவனை வாங்கு வாங்கென்று வாங்கினேன். சட்டென்று அழுகை நின்றது. சேலைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

“அம்மா, வேன் அங்கிள்தான். திட்டுறாரு பாரு!”

இரட்டையர்

தெலுங்கு வீட்டு இரட்டைப் பையன்கள் ராஜு, ரமணா. ஷூவின் நிறத்தை வைத்துத்தான் நான் ஆள் கண்டுபிடிப்பேன். ஒரு நாள் ரமணாவை மட்டும் அத்தை வீட்டில் இறக்கச் சொல்லியிருந்தார் அவர்களுடைய அம்மா. அத்தை வீட்டில் லட்டு என்று தெரிந்ததும் இரண்டும் “நான்தான் ரமணா” என்கின்றன. ஷூவோ ஒரு காலில் சிவப்பு, ஒரு காலில் நீலம்! இருவருமே மாற்றிப் போட்டிருந்தார்கள். அதட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து சீட்டில் தர்ஷினி. நாலு வயசு. ஒரு வருஷமாக அவர்களோடு உட்கார்ந்து வருகிறவள். சலித்துப்போய் ஒருவனைக் காட்டினாள்.

“ரமணா சிரிச்சா ஒரு பக்கந்தான் சிரிப்பான். உனக்குக் கண்ணு தெரியாதா அங்கிள்?”

பாப்பா

ஒரு மத்தியானம். சௌல்தாரி நிறுத்தத்தில் டயர் பங்க்சர். நான் ஜாக்கி போட்டு வண்டிக்குக் கீழே கிடக்கிறேன். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள சுலேகா தீதி இருந்தார், பெங்காலிக்காரர். புதிதாகச் சேர்ந்த மூன்று வயசுக் கதிர் வெளியே கையைக் காட்டி “பாப்பா! பாப்பா!” என்று குதிக்கிறான். அங்கே ஒரு ஆள் தோளில் கைக்குழந்தையோடு நிற்கிறார். நம் வீட்டில் பாப்பா என்றால் அந்தக் கைக்குழந்தை. தீதி காதில் விழுந்தது ஹிந்தி பாப்பா. அதாவது அப்பா! பையை மாட்டி, பையனின் கையை அந்த ஆளின் கையில் கொடுத்து, டாட்டாவும் காட்டிவிட்டார்.

நான் எழுந்து பார்க்கும்போது கதிர் யாரோ ஒருவரின் விரலைப் பிடித்துக்கொண்டு இருபது அடி தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறான். ஸ்பானரை எங்கே போட்டேன், எப்படி ஓடினேன் என்று தெரியாது. நல்ல மனுஷர், யார் வீட்டுப் பிள்ளை என்று கடையில் விசாரிக்கக் கூட்டிப் போயிருக்கிறார். என்னைக் கண்டதும் ஹிந்தியில் கேட்டார்:

“பாய் சாப், ஒன்னைத் தூக்கவே தோள் வலிக்குது. இன்னொன்னு எதுக்குக் கொடுத்தீங்க?”

போன் அப்பா

அன்றோடு முடிவு செய்தேன். பிள்ளை கையைக் காட்டினாலும் சரி, கழுத்தைக் கட்டினாலும் சரி, எனக்குத் தெரிந்த முகமாக இல்லாவிட்டால் கொடுக்க மாட்டேன்.

போன மாதம் ஒரு மத்தியானம். தர்ஷினியின் நிறுத்தத்தில் அவள் அம்மாவைக் காணோம். மழுமழுவென்று சவரம் செய்த ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வந்தார். “குட்டி! அப்பா வந்துட்டேன்!” தர்ஷினி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தாள்.

“யாருய்யா நீ?”

“அவ அப்பன்யா! கப்பல் வேலையிலேர்ந்து ஒன்னரை வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் பிளைட்ல வந்தேன்.”

“பிள்ளை உன்னைத் தெரியலைங்குதே?”

அடையாளக் கார்டை நீட்டினார். போட்டோவில் காடு மாதிரி தாடி. அவள் அம்மாவுக்குப் போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். அவர் வேன் கதவில் கை வைத்தார். நான் ஜாக்கிக் கம்பியைத் தூக்கினேன். “கையை எடு. இல்லைன்னா கை இருக்காது.” கூட்டம் கூடிவிட்டது. அந்த ஆள் கம்பியைப் பார்க்கவே இல்லை. பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கண் நிறைய. பேரம் பேசியே வளர்ந்தவன் நான். எதிராளியின் கண் பொய் சொன்னால் எனக்குத் தெரியும்.

குனிந்து கேட்டேன். “தர்ஷினி, உங்க அப்பா எங்கம்மா இருக்காரு?”

“அம்மா போன்ல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரட்டையரையே பிரித்துச் சொல்கிறவளுக்குப் பெற்ற அப்பனின் முகம் தெரியவில்லை. எப்படித் தெரியும்? ஒன்றரை வருஷமாக அந்த முகம் உள்ளங்கை அளவு!

அவளை ஜன்னலோரம் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினேன். “யோவ், வெளியே நின்னு கண்ணாடியில மூஞ்சியை மட்டும் காட்டு. போன்ல பேசுற மாதிரியே பேசு.” அவர் குனிந்தார். அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் முகம் மட்டும் வந்தது. “ஹலோ... குட்டி... கேக்குதா? அப்பா பேசுறது கேக்குதா?”

தர்ஷினி கண்ணாடியில் கையை வைத்தாள். “கேக்குதுப்பா!”

அப்போதும் நான் கதவைத் திறக்கவில்லை. கதிர் கற்றுக்கொடுத்த பாடம் சும்மாவா? ஏர்போர்ட்டில் புருஷனைத் தேடி அலைந்துவிட்டு அவள் அம்மா ஆட்டோவில் வந்து இறங்கி, “ஐயோ அண்ணே, இவருதான்” என்று சொன்ன பிறகுதான் திறந்தேன். தர்ஷினி இறங்கினாள். அவரை உச்சியிலிருந்து பாதம் வரை ஒரு தரம் பார்த்தாள். குனிந்து பேன்ட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

“அப்பா, உனக்குக் காலெல்லாம் இருக்கா?”

பேரம் பேசாமல் எனக்குக் கிடைத்த ஒரே சொத்து இந்த முகம்தான். அதற்கும் இந்த ஊர்ப் பிள்ளைகள் தினம் காலையில் சாட்சி கேட்கிறார்கள்.