எட்டரை முதல் ஒன்பதரை வரை

சவுடு மண் குவாரிக்கு நிபந்தனை எழுதுவது, ஓடுகிற லாரியைப் பார்த்து ரோட்டோரம் நின்று "பிரேக் போடு" என்று கத்துகிற வேலை. எண்ணூர்ப் பக்கம் ஓர் உள்ளாட்சி அலுவலகத்தில் அதைத்தான் செய்கிறேன். மண் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் போய், கண்ணைக் கசக்கிக்கொண்டே யாரையாவது திட்டியிருப்பீர்களே, அந்தத் திட்டில் எனக்கும் பங்கு உண்டு. நானும் அதே ரோட்டில்தான் வீட்டுக்குப் போகிறேன்.

மூன்று நிபந்தனை

ஏரியில் மண் அள்ள அனுமதி தருவது மாவட்ட அலுவலகம். லாரி எங்கள் தெரு வழியாகப் போவதால் நிபந்தனை போடும் உரிமை மட்டும் எங்களுக்கு. அனுமதி வந்த வாரமே ஸ்டெல்லா வந்துவிட்டார். விடியும் முன் காசிமேட்டில் மீன் எடுத்து, தெருத்தெருவாக விற்றுவிட்டு, எட்டரைக்கு வீடு திரும்பி, மகளைக் கைப்பிடித்து ரோடு தாண்டி ஒன்பது மணிப் பள்ளிக்கு விடுகிறவர். தூசியைத் தின்றுவிட்டுப் போகிறோம், பள்ளி நேரத்தில் மட்டும் லாரி வேண்டாம் என்றார்.

நியாயமாகப் பட்டது. தார்ப்பாய் மூட வேண்டும், ரோட்டில் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்ற வழக்கமான இரண்டோடு, "காலை எட்டரை முதல் ஒன்பதரை வரை லாரி ஓடக் கூடாது" என்று மூன்றாவதாகச் சேர்த்தேன். பொதுவாகப் "பள்ளி நேரம்" என்று எழுதினால் ஒப்பந்ததாரர் நழுவிவிடுவார், மணியைப் போட்டு எழுது என்பது எங்கள் ஆபீஸ் பாடம். படித்துக் காட்டினேன். ஸ்டெல்லா கேட்டார்: "எழுதிட்ட, சரி சார். அத்த லாரிக்காரன் படிப்பானா?"

தார்ப்பாய்

மூடாமல் வந்த ஒரு லாரியை நிறுத்தினேன். தார்ப்பாய் இல்லாமல் இல்லை. மடிப்புக் கலையாமல் ஓட்டுநரின் முதுகுக்கு அணையாக இருந்தது. கேட்டதற்கு அவர் கோபப்படவே இல்லை. "கட்டி அவுக்கறதுக்குள்ள ஒரு நடை பூடும் நைனா. செக்கிங் வர்றேன்னு ஒரு போன் அட்ச்சிருந்தா போர்த்திகினு வந்திருப்பேன்ல?"

தண்ணீர்

இன்னொரு நாள் ரோடு ஈரமாக, குளுகுளுவென்று இருந்தது. ஒரு நிபந்தனையாவது பலித்ததே என்று சந்தோஷமாக நடந்தேன். தெருமுனையில் பெண்கள் காலிக் குடத்தோடு என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுக்கு வர வேண்டிய குடிதண்ணீர் லாரியைத்தான் ஒப்பந்ததாரரின் ஆட்கள் மடக்கி ரோட்டில் ஊற்றியிருக்கிறார்கள்.

லாரிகளை நிறுத்தியே ஆக வேண்டும் என்று மேலாளரிடம் போய்க் குதித்தேன். அவர் டீயை உறிஞ்சிவிட்டுச் சொன்னார்: "போடற அதிகாரம்தான் தம்பி நமக்கு. நிறுத்தற அதிகாரம் மாவட்டத்துக்கு. அங்க போய்க் கேளு, போட்டவங்களே பாத்துக்கட்டும்னு சொல்லுவாங்க."

பள்ளி மணி

மூன்றாவதையும் யாரும் மதிக்கவில்லை. ஒரு நாள் ஒன்பது மணிக்குச் சற்று முன் ஸ்டெல்லா மகளைச் சட்டையோடு பிடித்து இழுத்தார். பிள்ளை தப்பியது, புத்தகப் பை சக்கரத்தில் நசுங்கியது. அந்தப் பையை என் மேஜைமேல் வைத்தார். அதை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஒப்பந்ததாரரிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவரைத் திட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, உடனே சரிசெய்வதாகச் சொன்னார்.

சொன்னபடி செய்தார். பள்ளிக்குச் சொந்தச் செலவில் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தார். நன்றிக்கடனாக, அவர் கேட்டபடி, பள்ளி நிர்வாகம் முதல் மணியை எட்டுக்கு மாற்றியது. இப்போது எட்டரையானால் லாரிகள் ஒழுங்காக ஓரங்கட்டி நிற்கின்றன. ஏழே முக்காலுக்கு, பிள்ளைகள் தாண்டும் நேரத்தில், வரிசையாக வருகின்றன. ஸ்டெல்லா அப்போது மீன்கூடையோடு எங்கோ ஒரு தெருவில் நிற்கிறார். மகள் தனியாகத் தாண்டுகிறாள்.

நிபந்தனையில் நேரத்தை மாற்ற வேண்டும் என்று மேலாளரிடம் சொன்னேன். புதிதாகத் தீர்மானம் போட வேண்டுமாம். அது வருவதற்குள் ஏரியில் அள்ள மண் இருக்காது. ஸ்டெல்லா மறுபடி வந்தார். சண்டை போடுவார் என்று நினைத்தேன், போட்டிருந்தால் தேவலை. "ஒம்போது மணிக்கு ரோடு காலியா கீது சார், போய்ப் பாரு. தாண்டத்தான் புள்ளைங்க இல்ல."

ஆய்வு அறிக்கையில் மூன்றாவது நிபந்தனைக்கு நேராக "முழுமையாக நிறைவேற்றப்பட்டது" என்று நான்தான் எழுதினேன், அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.