மாற்றமில்லாத மாதம்

என் அண்ணிக்கு உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது. கையில் தட்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன், கண் கம்ப்யூட்டரில். கடைகள், பட்டறைகள், ஒரு மழலையர் பள்ளி என்று பலருடைய சம்பளக் கணக்கை எங்கள் வீட்டு முன்னறையில் இருந்தபடி அவர்தான் போட்டுக் கொடுக்கிறார். யாருக்கு எத்தனை நாள் லீவு, எவ்வளவு பிடித்தம் என்று பார்த்துத் தொழிலாளிகளுக்குச் சம்பளச் சீட்டு அனுப்ப வேண்டும். அதற்கு முதலாளிகளிடம் ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வேறு வேலை கிடைக்கும்வரை என்று சொல்லி அவரிடம் சேர்ந்தேன். "நாத்தனாருக்குச் சம்பளம் குடுக்குற அண்ணி உலகத்துலயே நான் ஒருத்திதான்" என்பார். அந்த 'வரை' எப்போது முடியும் என்று அவர் கேட்டதில்லை. நான்தான் என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஒருவர் சொல்லி ஒருவர் வந்து வேலை பெருகியது. கட்டணம் மட்டும் பழையதாகவே கிடந்தது. அப்போதுதான் ஒரு தனியார் மருத்துவமனை, தங்கள் சம்பளக் கணக்கையும் போட்டுத் தர முடியுமா என்று கேட்டு அனுப்பியது. எங்களிடம் இருந்த எல்லோரையும் கூட்டினாலும் அதன் ஆள்கணக்குக்கு ஈடாகாது. அது கிடைத்தால் தனியாக ஒரு ஆபீஸ் எடுத்து, இன்னொரு ஆளையும் வைக்கலாம்.

"அகலக்கால் வைக்காத" என்றான் அண்ணன்.

"கால் வைக்கவே இடமில்லாத ரூம்ல அகலக்கால் என்ன, ஒடுக்கக்கால் என்ன?"

ஆனால் நேரம் இல்லை. நேரத்தைத் தின்றது ஆள் எண்ணிக்கை அல்ல, கடைசி நேர மாற்றங்கள். பெரிய பட்டறை ஒரே பட்டியலோடு நிறுத்திக்கொள்ளும். பதினோரு பேர் வைத்திருக்கும் லாண்டரிக்காரரோ, கணக்கை முடித்த பிறகுதான் "அம்மா, ஒண்ணு விட்டுப்போச்சு" என்று ஆரம்பிப்பார். உடனே மொத்தத்தையும் திறந்து மறுபடி போட வேண்டும். அண்ணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, இருபதாம் தேதிக்கு மேல் சொல்லும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தனிக் கட்டணம் என்று அறிவித்துவிட்டார்.

அந்த மாதம் ஒருவரும் மாற்றம் சொல்லவில்லை. "என்னடி இது, ஊரே திருந்திடுச்சா?" என்று அண்ணி அறைக்கும் சமையலறைக்கும் நடந்தார். நிம்மதியைக்கூட அவரால் நின்று அனுபவிக்க முடியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்று மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டார்.

சீட்டுகள் போன மறுநாள், லாண்டரியில் இஸ்திரி போடும் பெண் வாசலில் வந்து நின்றாள்.

"மேடம், மாசக் கடைசியில ரெண்டு ஞாயித்துக்கிழமை வந்து வேலை பாத்தேன். லாட்ஜ் துணி மலையா குவிஞ்சு கெடந்துச்சு. அது இதுல இல்லையே?"

"உங்க முதலாளி எங்ககிட்ட சொல்லலையேம்மா."

"அவரைக் கேட்டேன். நீங்கதான் சேக்க மாட்டேங்கிறீங்கன்னாரு."

அண்ணி அவளை உட்காரச் சொல்லிவிட்டு லாண்டரிக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"பின்ன என்னம்மா? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆக்கிட்டீங்க. அவளுக்குக் குடுக்கறதவிட உங்களுக்குக் குடுக்கறது ஜாஸ்தி. அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டேன்."

"எங்க பேரைச் சொல்லியா விட்டீங்க?"

"இல்லாததையா சொன்னேன்?"

அண்ணி போனை வைத்தார். என் பக்கம் திரும்பி, "எல்லாருக்கும் போன் போடு. மாத்தத்துக்குக் காசு கெடையாதுன்னு சொல்லிட்டு, என்னத்த விட்டீங்கன்னு கேளு" என்றார்.

ஒவ்வொன்றாக வெளியே வந்தது. பேக்கரியில் ஒருவனுடைய இரவு வேலை. பள்ளியில் புதிதாகச் சேர்ந்த ஆயாவின் அரை மாதச் சம்பளம். கட்டணம் ஏறினால் கேட்பது குறையும் என்று கல்லூரியில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். யாருடைய பங்கு குறையும் என்று அந்தத் தாளில் எங்கும் கேட்கவில்லை.

எல்லாவற்றையும் சேர்த்துத் திருத்திய சீட்டுகள் போயின. இஸ்திரிக்காரிக்கு இரண்டு ஞாயிற்றுக் கூலியும் வந்தது. அண்ணி மாற்றக் கட்டணத்தை எடுத்துவிட்டு ஆளுக்கான கட்டணத்தை எல்லோருக்கும் ஏற்றினார். மாற்றம் எத்தனை வந்தாலும் அதற்குள் அடக்கம். மருத்துவமனைக்கும் அதையே சொன்னார்.

"போன வாரம் ஒரு விலை, இந்த வாரம் ஒரு விலையா மேடம்?" என்றார் அங்கிருந்த கணக்கர்.

"போன வாரம் எனக்கு வெவரம் பத்தல சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசிக்கிறார். லாண்டரிக்காரர் யோசிக்கவே இல்லை. மலிவாகப் போடும் வேறொருவரிடம் போய்விட்டார்.

நேற்று அந்த இஸ்திரிக்காரப் பெண் போன் செய்தாள். "மேடம், இந்த மாசமும் ஒரு ஞாயிறு இருக்கு. கணக்குப் போடுற புது ஆளு நம்பர் சீட்டுல இல்ல. யார்கிட்ட சொல்றது?"

"முதலாளிகிட்ட எழுதி வாங்கி வச்சுக்கம்மா" என்றார் அண்ணி. போனை வைத்த பிறகும் நின்றுகொண்டே இருந்தார்.

"லாண்டரிக்காரரைப் பழைய விலைக்கே வரச் சொல்லட்டுமா?" என்று எங்களைக் கேட்டார்.

"உனக்கென்ன பைத்தியமா?" என்றான் அண்ணன்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். "நஷ்டம்தான் அண்ணி."

"தெரியும்டி" என்று சொல்லிவிட்டு, போனில் லாண்டரிக்காரருடைய எண்ணைத் தேட ஆரம்பித்தார்.